தண்ணீர் குடித்த அலமாரியைத் தூக்கிப் போடும் முன்...



நம் பகுதியில் பழைய புடவை, பழைய பாட்டில், பழைய காலண்டர் என்று எல்லாவற்றுக்கும் மறுவாழ்வு கொடுக்க யோசனை எழுதிவிட்டோம். ஆனால் இன்றைக்குப் பெரும்பாலான வீடுகளில் இருப்பது பலகை அலமாரியும், பலகை மேசையும்தான். தேக்கு வாங்க யாரால் முடிகிறது? எட்டாயிரம், பத்தாயிரத்துக்குப் பளபளவென்று கிடைப்பதைத் தவணையில் வாங்கி வைக்கிறோம். நாலு வருஷத்தில் அடி உப்பி, ஓரம் உரிந்து, கதவு தொங்கிப் போகிறது. உடனே எல்லோரும் சொல்வது, "இது சும்மா அட்டை, தூக்கிப் போடு!"

அப்படிப் போட வேண்டியதில்லை தோழிகளே. எதைக் காப்பாற்றலாம், எதை விட்டுவிட வேண்டும் என்று தெரிந்துகொண்டால் போதும். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் நான் செய்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

இது என்ன பலகை?

முதலில் உங்கள் சாமான் எந்தப் பலகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடையில் "மரம்தான்மா" என்பார்கள். விலைச் சீட்டில் "இன்ஜினியர்டு வுட்" என்று போட்டிருப்பார்கள். அதை நம்பிப் பயனில்லை. அலமாரியின் பின்பக்கமோ, கதவுக் கீல் மாட்டிய ஓட்டைக்குள்ளோ டார்ச் அடித்துப் பாருங்கள்.

நம்ம கோவில்பட்டி கடலை மிட்டாய் மாதிரி சின்னச் சின்ன மரத்துணுக்கு ஒட்டிக்கொண்டு தெரிந்தால் அது பார்ட்டிகிள் போர்டு. மைசூர்பா மாதிரி ஒரே நைஸாக, துணுக்கே தெரியாமல் இருந்தால் எம்.டி.எஃப். பரோட்டா மாதிரி அடுக்கு அடுக்காகத் தெரிந்தால் பிளைவுட்.

பிளைவுட் கொஞ்சம் தண்ணீர் தாங்கும். மற்ற இரண்டும் தாங்காது. பார்ட்டிகிள் போர்டு என்பது மரத்தூள், மரத்துணுக்கு (சில இடங்களில் கரும்புச் சக்கையும்கூட) இவற்றை ரசாயனப் பசையில் பிசறி, சூட்டில் வைத்து அமுக்கிய பலகை. அமுக்கி வைத்த தூள் தண்ணீரைக் கண்டால் விரியும். கடலை மிட்டாய் பாகு ஈரத்தில் இளகுகிற மாதிரி, சாதாரணப் பலகையில் போடும் பசையும் ஈரத்தில் விட்டுப்போகும். ஒருமுறை உப்பியது காய்ந்தாலும் பழையபடி ஒட்டாது. இது ஒன்றை மட்டும் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வேலையெல்லாம் இதை வைத்துத்தான்.

மேலே இருக்கிற பளபளப்பும் இரண்டு வகை. 'சன்மைக்கா' என்று நாம் சொல்கிற லேமினேட் தகடு கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் கனம் இருக்கும். பெயரில்தான் மைக்கா, உள்ளே இருப்பது பசையில் ஊறவைத்து அடுக்கி அழுத்திய காகிதம். விலை குறைந்த சாமான்களில் அதுகூட இருக்காது. மரக்கோடு அச்சடித்த ஒற்றைக் காகிதத்தைப் பலகையோடு சேர்த்தே சூட்டில் அழுத்தியிருப்பார்கள். இதைப் 'பிரீலேம்' என்பார்கள். ஆகவே மரச்சாமானைத் தேய்க்கிற மாதிரி இதைத் தேய்க்கக் கூடாது. காகிதம் கிழிந்து தூள் வெளியே வந்துவிடும்.

எங்கள் வீட்டில் நடந்தது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. எங்கள் வீட்டுக்குள் ஒன்றரை அடித் தண்ணீர் மூன்று நாள் நின்றது. மெத்தை, அரிசி, மிக்ஸி எல்லாம் போச்சு. பிள்ளைகளின் புத்தகங்களைப் பரணில் ஏற்றியதால் அது மட்டும் தப்பியது.

வடிந்த பிறகு பார்த்தால், டி.வி. ஸ்டாண்டு முழுக்கச் சோறு மாதிரி குழைந்திருக்கிறது. ஆறடி அலமாரியும், மகளின் படிப்பு மேசையும் கீழ்ப்பக்கம் மட்டும் உப்பி, மேலே அப்படியே நிற்கின்றன. தெருவே அலமாரியும் கட்டிலுமாகக் குப்பையில் கிடந்தது.

என் கணவர் உப்பளத்தில் கணக்கு எழுதுகிறார். அங்கேயும் தண்ணீர் புகுந்து வேலை நின்றிருந்த நேரம். அரசாங்கம் தந்த நிவாரணம் 6,000 ரூபாய் மெத்தைக்கும், அடுப்புக்கும், பிள்ளைகளின் பைக்கும் சரியாகப் போய்விட்டது. மகளுக்கு மார்ச் 26-ல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. மடியில் பலகை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். புது அலமாரி ஒன்பதாயிரம், மேசை மூவாயிரத்து ஐந்நூறு. "தவணையில எடுத்துருவோம்" என்றார் இவர். பழைய தவணையே இன்னும் நாலு மாசம் பாக்கி! அதுவும் எதற்கு? தண்ணீரில் போன இதே அலமாரிக்கு!

"ஒரு மாசம் பொறுங்க. என்னால முடியலைன்னா அப்புறம் வாங்கிக்கலாம்" என்றேன். என் மாமியார், "ஏம்மா, போனதைப் போட்டு நோண்டிக்கிட்டு இருக்கே?" என்று கேட்டார்கள். ஆனால் வேலையில் கூடவே நின்றதும் அவர்கள்தான்.

முதல் வேலை: காய வைப்பது

அலமாரிக் கதவு, தட்டு எல்லாவற்றையும் கழற்றினோம். கழற்றுகிற ஸ்க்ரூ, கீல், கைப்பிடியை ஒரு ஃபிலிம் டப்பாவிலோ, ஹார்லிக்ஸ் பாட்டிலிலோ போட்டு மூடி வையுங்கள். எந்தக் கதவு எந்தப் பக்கம் என்று பின்னால் சாக்பீஸில் எழுதிக்கொள்ளுங்கள்.

வெள்ளத் தண்ணீர் சாக்கடை கலந்தது. அதனால் சோப்புத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, பிறகு வெறும் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, கடைசியில் உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். குழாயைத் திறந்து கழுவக் கூடாது.

பிறகு நிழலில், செங்கல் வைத்து அதன்மேல் பலகைகளைத் தட்டையாகப் படுக்க வைத்தோம். நாலு பக்கமும் காற்றுப் போக வேண்டும். இரண்டு நாளைக்கு ஒரு முறை புரட்டிப் போட வேண்டும். சீக்கிரம் காயட்டும் என்று மொட்டைமாடி வெயிலில் போட்டால் பலகை வளையும், மேல்தாள் எழும்பும். எங்களுக்குப் பொங்கல் வரை, மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. கடற்கரை ஊர் என்பதால் காற்றிலேயே ஈரம். உள்ளூரில் இன்னும் சீக்கிரம் காயலாம்.

காய்ந்ததும் கட்டை விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் பிழைத்தது. மணலாக உதிர்ந்தால் அந்தப் பாகம் போனதுதான். உள்ளே வரை பூஞ்சை பிடித்து வாடை அடித்தால் அதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகளுக்கு இருமல் வரும்.

விட வேண்டியதை விட்டுவிடுங்கள்

டி.வி. ஸ்டாண்டில் காப்பாற்ற ஒன்றுமில்லை. கண்ணாடி, கைப்பிடி, டிராயர் ஓடும் சேனல், ஸ்க்ரூ எல்லாவற்றையும் கழற்றி எடுத்துக்கொண்டு, பலகையை மாநகராட்சி வண்டியில் போட்டோம்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். எங்கள் தெருவில் பலர் இந்தப் பலகையை உடைத்து வெந்நீர் அடுப்பில் வைத்தார்கள். கேஸ் கிடைக்காத நேரம், பாவம், என்ன செய்வார்கள்! என் மாமியாரும் இரண்டு துண்டை எடுத்துக்கொண்டு போனார்கள். நல்லவேளையாகக் கண் மரவேலை பார்க்கும் ஆசாரி அண்ணாச்சி அப்போது வந்திருந்தார். "ஏம்மா, இது விறகு இல்லம்மா. மருந்துப் பசை. புகையை மோந்தா கண்ணு, தொண்டை எல்லாம் எரியும்" என்று தடுத்துவிட்டார். அவர் சொன்னது உண்மை. பசையில் ஃபார்மால்டிஹைடு என்ற ரசாயனம் இருக்கிறது. ஓரத்தில் ஒட்டியிருப்பது பி.வி.சி. பிளாஸ்டிக். எரித்தால் இரண்டுமே விஷப்புகை. குளிக்கிற வெந்நீருக்காகக்கூட இதை எரிக்காதீர்கள்.

வெட்டிச் சின்னதாக்கினோம்

அலமாரி, மேசை இரண்டிலும் தண்ணீர்க் கறை பதினெட்டு அங்குலத்தில் நின்றிருந்தது. ஆசாரி அண்ணாச்சி அதற்கு மேல் இரண்டு அங்குலம் தள்ளிக் கோடு போட்டார். கறைக்கு மேலேயும் ஈரம் உறிஞ்சி ஏறியிருக்கும் என்பதால் கோட்டை மேலேதான் போட வேண்டும். இருபது அங்குலத்தை மெஷின் ரம்பத்தால் நேராக அறுத்தார். இதை நாமே கை ரம்பத்தில் செய்தால் ஓரத் தாள் பொரிந்துவிடும். அறுப்பு வேலைக்கு மட்டும் கூலி கொடுத்துவிடுவது நல்லது. அறுக்கும்போது மூக்கில் மாஸ்க் கட்டாயம். கொரோனா சமயத்தில் வாங்கிய என்-95 மிச்சமிருந்தால் இதற்கு ஆகும்.

ஆறடி அலமாரி நாலடி நாலு அங்குலம் ஆனது. நடுத்தட்டையே அடித்தட்டாக இறக்கி மாட்டினோம். அதற்குக் கீழே இரண்டுக்கு ஒன்று அங்குல ரீப்பர்க் கட்டையில் சட்டம் அடித்து, நாலு மூலையிலும் பிளாஸ்டிக் புஷ் வைத்தோம். கதவையும் அதே அளவுக்கு அறுத்து, கீழ்க்கீலுக்குப் புது ஓட்டை போட்டார்.

மேசை முப்பது அங்குலம். இருபது போனால் மிச்சம் பத்து! "இதை வச்சு என்னம்மா பண்ணப் போற?" என்று ஆசாரியே சிரித்தார். என் மாமியார்தான் சொன்னார்கள். "எங்க அப்பா கணக்கப்பிள்ளையா இருந்தப்ப இப்படித்தான் மேசை. பாயில சம்மணம் போட்டு உக்காந்து எழுதுவாக." அவ்வளவுதான், முடிவாகிவிட்டது. பத்து அங்குலக் காலில் புஷ் மாட்டி, தரையில் உட்கார்ந்து எழுதும் மேசையாக்கினோம். டி.வி. ஸ்டாண்டில் கழற்றிய சேனலை வைத்து அடியில் ஒரு சின்ன டிராயரும் போட்டுக்கொடுத்தார்.

அறுத்த முனையை மூடுங்கள்

இதுதான் உயிர்நாடி. அறுத்த முனை திறந்த வாய் மாதிரி. ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் குடிக்கும். கண்ணுக்குத் தெரியாத அடிமுனைகளுக்கு ஆயில் பிரைமர் மூன்று கோட் கொடுத்தேன். முதல் கோட்டை அப்படியே குடித்துவிடும். காய்ந்ததும் இரண்டாவது, பிறகு மூன்றாவது. அதன்மேல் எனாமல். தண்ணீர் கலக்கிற பிரைமரை இங்கே பூசாதீர்கள். அந்தத் தண்ணீரையே குடித்துத் துணுக்கு எழும்பிவிடும். கண்ணுக்குத் தெரிகிற ஓரங்களுக்கு, பிரைமர் அடிக்காமல், ஹார்ட்வேர் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் எட்ஜ் டேப்பை ஒட்டிக்கொள்ளலாம்.

பெயிண்ட் பிடிக்க வைப்பது எப்படி?

"சன்மைக்கா மேல பெயிண்ட் நிக்காது" என்று பலரும் சொல்வார்கள். நிற்கும். ஆனால் தயார் செய்யாமல் அடித்தால் தோல் மாதிரி உரியும். வரிசையாகச் சொல்கிறேன்.

1. எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள். சமையலறை ஷெல்ஃப் என்றால் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த நீரில் பிழிந்த துணியால் இரண்டு முறை துடைக்க வேண்டும். பிள்ளைகள் ஒட்டிய ஸ்டிக்கர் மேல் தேங்காய் எண்ணெய் தடவி ஒரு மணி நேரம் விட்டால் உரிந்து வரும். பிறகு அந்த எண்ணெயையும் சோப்பு போட்டுத் துடைத்துவிடுங்கள்.

2. எழும்பிய தாளுக்கு அடியில் ஐஸ்க்ரீம் குச்சியால் ஃபெவிகால் தடவி, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு, ஆட்டுக்கல் குழவி மாதிரி ஒரு பாரத்தை ஒரு நாள் வையுங்கள்.

3. உடைந்த மூலை, பழைய ஓட்டைகளுக்கு எம்-சீல். இரண்டு களிம்பையும் சம அளவு எடுத்து ஒரே நிறமாகும் வரை பிசைந்து அடைத்து, ஈர விரலால் தடவி விடுங்கள். மறுநாள் தேய்த்துச் சமப்படுத்தலாம்.

4. 220 நம்பர் உப்புத்தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றி, லேசாகத் தேய்க்க வேண்டும். பளபளப்பு போய் மங்கலானால் போதும். மரக்கோடு டிசைன் அழியும் வரை தேய்க்கக் கூடாது. தூசியைப் பிழிந்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள்.

5. ஆயில் பிரைமர் ஒரு கோட். கடையில் "சன்மைக்கா மேல அடிக்கப்போறேன்" என்று சொல்லியே கேளுங்கள். முழுக்க அடிக்கும் முன் பின்பக்கம் கையகல இடத்தில் அடித்து, ஒரு நாள் கழித்து செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். டேப்போடு பெயிண்ட் வந்தால் இன்னும் தேய்க்க வேண்டும் என்று அர்த்தம். வராவிட்டால் தைரியமாக மேலே போகலாம். இந்த ஒரு சோதனை உங்கள் காசையும் உழைப்பையும் காப்பாற்றும்.

6. எனாமல் இரண்டு கோட். நாலு அங்குல ஸ்பாஞ்ச் ரோலரில் மெலிதாக உருட்ட வேண்டும். ஒரே கோட்டில் மூடிவிடலாம் என்று தடிமனாக அடித்தால் வழிந்து கோடு விழும். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் ஒரு நாள் இடைவெளி. நடுவில் 320 நம்பர் தாளால் பட்டும் படாமல் ஒரு தேய்ப்பு. முழுப் பளபளப்பு வேண்டாம். சாட்டின் என்று கேட்டு வாங்குங்கள். மேடு பள்ளம் தெரியாது.

7. கையில் ஒட்டாவிட்டாலும் உள்ளே பச்சையாகத்தான் இருக்கும். ஒரு வாரமாவது ஆறிய பிறகே துணி அடுக்குங்கள்.

சுவருக்கு அடித்து மிஞ்சிய எமல்ஷன் இருக்கிறதே, அதை அடித்தால் என்ன என்று தோன்றும். அது இறுகாது. மழைக்காலத்தில் பிசுபிசுத்து, வைத்த புத்தகம் அட்டையோடு ஒட்டிக்கொள்ளும்.

பெயிண்ட் வேலையை ஜன்னல் திறந்த இடத்திலோ, முற்றத்திலோ வையுங்கள். கைக்குழந்தை, கர்ப்பிணிகள், ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தப் பக்கம் இருக்க வேண்டாம்.

மேசைக்கு மட்டும் புதுச் சன்மைக்கா

எழுதும் மேசையின் மேற்பரப்புக்குப் பெயிண்ட் சரிவராது. காம்பஸ் முனையும், ஸ்கேலும் பட்டுக் கீறிவிடும். சன்மைக்கா முழு ஷீட் எட்டுக்கு நாலடி. நமக்கு அவ்வளவு எதற்கு? மரவேலை நடக்கும் இடத்தில் வெட்டிப்போட்ட துண்டு கேட்டால் மலிவாகக் கொடுப்பார்கள். எனக்கு வெளிர்பச்சைத் துண்டு 150 ரூபாய்க்குக் கிடைத்தது.

பழைய மேற்பரப்பைச் சொரசொரப்பாகத் தேய்த்துக்கொண்டு, ரப்பர் பசையை மேசையிலும், சன்மைக்காவின் பின்பக்கத்திலும் மெல்லிதாகத் தடவ வேண்டும். உடனே ஒட்டக் கூடாது. பத்து, பதினைந்து நிமிஷம் விட்டு, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வந்ததும்தான் ஒட்ட வேண்டும். பட்டவுடன் பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது. அதற்கு ஒரு வழி: மேசை மேல் நாலைந்து தென்னை ஈர்க்குகளைக் குறுக்கே பரப்பி, அதன்மேல் சன்மைக்காவைச் சரியாக வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்திலிருந்து ஈர்க்கை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே துணியால் அழுத்தி வாருங்கள். காற்றுக்குமிழ் இல்லாமல் உட்கார்ந்துவிடும். ஓரத்தில் நீட்டிக்கொண்டிருப்பதை அரத்தால் கீழ்நோக்கி ராவினால் போதும்.

ஜாக்கிரதை! இந்தப் பசையின் ஆவி குப்பென்று தீப்பிடிக்கும். அந்த நேரத்தில் அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி, கொசுவத்தி எதுவும் எரியக் கூடாது.

தொங்கும் கதவு, தொய்ந்த தட்டு

வெள்ளம் வராத வீட்டிலும் இந்த இரண்டும் வரும். துணுக்குப் பலகையில் ஒருமுறை கழன்ற ஸ்க்ரூ அதே ஓட்டையில் மறுபடி பிடிக்காது. மருந்து நீக்கிய தீக்குச்சிகளை ஃபெவிகாலில் தோய்த்து ஓட்டை நிறைய இறுக்கிச் சொருகி, ஒரு நாள் காயவிட்டு, மட்டமாக வெட்டிவிட்டு ஸ்க்ரூவை முடுக்குங்கள். கனமான கதவு என்றால் மறுபக்கம் வரை ஓட்டை போட்டு போல்ட், நட்டு மாட்டுவதே மேல்.

நடுவில் தொய்ந்த தட்டைக் கழற்றித் தலைகீழாகப் போடுங்கள். முன் விளிம்புக்கு அடியில் ஒரு ரீப்பர்க் கட்டை அடித்துவிட்டால் பிறகு தொய்யாது. புத்தகம், பட்டுப்புடவை போன்ற கனத்தைத் தட்டின் இரண்டு ஓரத்திலும், இலேசானதை நடுவிலும் வையுங்கள்.

செலவுக் கணக்கு

நம் தோழிகள் முதலில் பார்ப்பது இதைத்தானே! 2024 ஜனவரியில் எனக்கு ஆனது:

உப்புத்தாள் – ரூ.90
பிரைமர் – ரூ.260
எனாமல் – ரூ.370
டர்பன்டைன் – ரூ.80
எம்-சீல் – ரூ.60
ஃபெவிகால் – ரூ.60
ரப்பர் பசை – ரூ.130
ரோலர், பிரஷ் – ரூ.130
புதுக் கீல் – ரூ.120
புஷ் – ரூ.120
ரீப்பர் – ரூ.150
எட்ஜ் டேப் – ரூ.80
சன்மைக்கா துண்டு – ரூ.150
ஆசாரி அரை நாள் கூலி – ரூ.600

ஆக மொத்தம் 2,400 ரூபாய். புதுசு வாங்கியிருந்தால் 12,500. மிச்சம் பத்தாயிரத்து நூறு. அது பணமாகக் கையில் வரவில்லைதான். ஆனால் புதுத் தவணை விழாமல் தப்பித்தோம். வேலை இல்லாத அந்த மாசங்களில் தவணைக்காரன் வாசலில் நிற்கவில்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

அலமாரி மார்பளவுக்கு வந்ததில் ஒரு லாபமும் இருந்தது. மேல்தட்டு என் மாமியாருக்கே எட்டுகிறது. உச்சியில் மடித்த துணி வைக்க இடம் கிடைத்தது. மகள் பிப்ரவரி முதல் வாரத்திலிருந்து அந்தத் தரை மேசையில்தான் உட்கார்ந்து படித்தாள். பரீட்சை முடிகிற வரை இரவு பத்து மணிக்கு அதில் லைட் எரிந்துகொண்டிருக்கும். இப்போது அது தம்பிக்கு. அவர்கள் அப்பா மாசக் கடைசியில் உப்புக் கணக்கை வீட்டுக்குக் கொண்டுவந்தால் அந்த மேசைக்கு மூன்று பேருக்கும் போட்டி!

பக்கத்து வீட்டு மதினி தன் சமையலறை ஷெல்ஃபைக் கொண்டுவந்து காட்டினார்கள். அடிப்பலகை முழுக்க உதிர்ந்திருந்தது. "மதினி, இதைச் சரி பண்ணி ஏமாற வேண்டாம். மேலே இருக்கிற இரண்டு தட்டை மட்டும் எடுத்து, சுவத்துல பிராக்கெட் அடிச்சு மாட்டிக்குவோம்" என்றேன். அப்படியே செய்தோம். எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது. நல்ல பாகம் எது என்று பார்த்து எடுத்துக்கொள்ள முடியும்.

மறுபடி உப்பாமல் இருக்க...

* பலகைச் சாமான்கள் அடியில் கெட்டுப்போவது பெரும்பாலும் வெள்ளத்தால் அல்ல. நாம் தினமும் வீடு துடைக்கிற தண்ணீரால்தான்! அடிப்பலகை தரையில் படவே கூடாது. ஒரு அங்குலமாவது உயர்த்தி புஷ் அல்லது கட்டை வையுங்கள். அந்தச் சாமான் பக்கத்தில் மாப்பை நன்றாகப் பிழிந்து துடையுங்கள்.

* சுவரை ஒட்டி வைக்காதீர்கள். இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள். ஓதம் ஏறிய சுவரில் ஒட்டிய பலகை பின்பக்கமாகப் பூஞ்சை பிடிக்கும்.

* புதுசு வாங்கி வந்த அன்றைக்கே, பொருத்தும் முன், டேப் ஒட்டாத முனைகளை எல்லாம் பார்த்து ஆயில் பிரைமரும் எனாமலும் பூசிவிடுங்கள். நூறு ரூபாய்ச் செலவில் பல வருஷம் கூட உழைக்கும்.

* பாத்ரூம் வாசல், சிங்க் அடி, வாஷிங்மெஷின் பக்கம் – இங்கெல்லாம் இந்தப் பலகையை வைக்கவே வேண்டாம். அங்கே பி.வி.சி. அல்லது மரைன் பிளைவுட்தான் சரி. மரைன் பிளைவுட் வாங்கும்போது ஐ.எஸ். 710 என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 303 என்றிருந்தால் அது சாதாரண உபயோகத்துக்கான பிளைவுட்.

* எங்களைப் போலக் கடற்கரை ஊர்க்காரர்கள் கீல்களுக்கு மூன்று மாசத்துக்கு ஒரு முறை தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். உப்புக் காற்றில் துரு பிடித்த கீல்தான் ஸ்க்ரூவையும் பிய்த்துக்கொண்டு வரும்.

* சூடான பாத்திரத்தை நேராக மேலே வைக்காதீர்கள். தாள் கொப்புளம் போட்டால் அதைச் சரிசெய்வது கஷ்டம்.

* ஐப்பசி பிறக்கும் முன், அலமாரியின் கடைசித் தட்டில் இருக்கிற பத்திரம், மார்க் ஷீட், புத்தகங்களை மேலே மாற்றிவிடுங்கள். சாமானைச் சரி செய்யலாம், சான்றிதழை முடியாது.

தோழிகளே, இதில் நம்மால் முடியாத வேலை என்று எதுவும் இல்லை. கோலம் போடுகிற கைக்கு ரோலர் பிடிப்பது கஷ்டமா என்ன? ரம்பம் மட்டும் ஆசாரிக்கு. மீதியை மதியம் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை, நம் நேரத்தில் செய்துவிடலாம். வீட்டில் ஒரு தொங்கிய கதவு இருந்தால் இந்த வாரமே தீக்குச்சி வைத்தியத்தை ஆரம்பித்துப் பாருங்கள். பூஞ்சை வராமல் தடுக்க உங்களிடம் வேறு நல்ல யோசனை இருந்தால் நம் பகுதிக்கு எழுதுங்கள். அடுத்த மழைக்கு முன்னால் எல்லோருக்கும் உபயோகப்படும்.

– ஓர் இல்லத்தரசி,
தூத்துக்குடி.